நாலரை மணிக்கு எழுப்பும் பூனை

வயதான பூனைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், அதன் கண்ணைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுவதுதான். கீழே நாலு வரி எழுதுவார்கள்: யாருக்கும் வேண்டாத ஜீவன், கடைசிக் காலத்தில் சாய்ந்துகொள்ள ஒரு மடி கிடைக்குமா என்ற தினுசில். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். "பாவம்" என்று எழுதுவார்கள். தெரிந்தவர்களுக்கு அனுப்பியும் வைப்பார்கள். தொலைபேசி மட்டும் அடிக்காது. பாவம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் பங்குக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. அதற்கு மேல் கூண்டை எடுத்துக்கொண்டு வர யாருக்குத் தோன்றும்?

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தன் சொந்த நிலத்தில் ஓர் அக்கா சின்னதாக ஒரு காப்பகம் நடத்துகிறார். அங்கே பூனைகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. அழைக்கிறவர்களோடு பேசுவது, வீட்டைப் போய்ப் பார்ப்பது, கொடுத்த பிறகு விடாமல் நச்சரித்து விசாரிப்பது எல்லாம் என் பொறுப்பு. அக்காவின் கணவர் என்னைக் கல்யாணத் தரகர் என்றுதான் கூப்பிடுவார். குட்டிகளுக்குத் தரகு தேவையே இல்லை. காலையில் சொன்னால் மாலைக்குள் போய்விடும். பத்து வயதைத் தாண்டியவைதான் வருபவர் போகிறவரைப் பார்த்தபடி காலம் தள்ளும்.

கிராணி அப்படிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன். சாம்பல் நிற உடம்பில் கறுப்பு வரி ஓடிய ஆண்பூனை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு பாட்டியிடம் வளர்ந்தவன். வாசலில் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துகொண்டு, வேலைக்குப் போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் ஒருவர் விடாமல் பார்ப்பானாம். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்; கையில் ஆள் வரவு பதியும் செக்ரோல் புத்தகம் இல்லாததுதான் குறை என்று லயத்துக்காரர்கள் வைத்த பெயர் அது. வால் பாதியில் முறுக்கிக்கொண்டு நுனியில் முடிச்சு விழுந்திருக்கும். காப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் "யார் ஒடித்தது?" என்று பதறுவார்கள். யாரும் ஒடிக்கவில்லை. இந்தப் பக்கத்துப் பூனைகளுக்குப் பரம்பரையாக வருகிற வால் அது. மலாய்த் தீவுகளிலிருந்து பர்மா வரைக்கும் பூனைகளுக்கு வால் குட்டையாகவும் நுனியில் முடிச்சோடும் இருப்பதை டார்வின் 1868-இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சுங்கை சிப்புட் என்றால் விவரம் தெரிந்தவர்களுக்கு நினைவு வருவது 1948 ஜூன் 16. மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் பிறந்த நாள். அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்த பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்தது. பால்மரமான ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சனங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்கும் மலிவு விலை மாடிகளுக்கும் குடிபோனார்கள். சாமி படத்தையும் அம்மிக்கல்லையும் லாரியில் ஏற்றியவர்கள் நாயையும் பூனையையும் ஏற்றவில்லை. ஏற்றிப் போனாலும் இறக்க இடமில்லை. கிராணியின் பாட்டிக்கும் அதுதான் நடந்தது. கால் முடியாமல் போனதும் மகன் வந்து ஷா ஆலாமில் தன் அடுக்குமாடிக்கு அழைத்துப்போனார். அந்தக் கட்டடத்தில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

அந்த மகனை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். பூனையைத் தானே கொண்டுவந்தார். அது சாப்பிட்ட தட்டு, படுத்த போர்வை, ஒரு மாதத் தீனி எல்லாம் கூடவே வந்தன. என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்று உட்கார்ந்து சொன்னார். பெட்டியில் அடைத்து ராத்திரியோடு ராத்திரியாக மார்க்கெட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறோமே. 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்று இருக்கிறது. இருட்டில் பெட்டி வைக்கிறவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் பயமில்லை.

கிராணிக்கு என்ன வயது என்று மகனுக்கே சரியாகத் தெரியவில்லை. "அப்பா இருந்தபோதே இருந்தது" என்றார். கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்தார், பிறகு விளக்கை வைத்துக் கண்ணைப் பார்த்தார். பூனைக்கு வயதாக ஆக, பாவையைச் சுற்றியிருக்கும் நிறத்தட்டில் துரு பிடித்தாற்போல் புள்ளி விழும். ஓரம் சீராக இருக்காது. உள்ளே வில்லையில் இலேசாக நீலம் பூத்திருக்கும், அது கண்புரை அல்ல. பன்னிரண்டு இருக்கலாம், ஒன்றிரண்டு கூடக் குறைய என்றார். பத்தைத் தாண்டினாலே மருத்துவர்கள் கணக்கில் முதுமைதான்.

வாயில் இரண்டு பல் வேரோடு கெட்டுப்போயிருந்தது. அதை எடுத்ததும் அவன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். அதுவரை "வயசாகிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை" என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. தட்டருகே வந்து முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. வயதான பூனைகளுக்குச் சர்வ சாதாரணமாக வருகிற கோளாறு இது. தண்ணீர் அதிகம் குடிக்கும், அதிகம் கழியும், உடம்பு மெல்ல இளைக்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்து ஈரத் தீனியும் நிறையத் தண்ணீரும் கொடுத்து, ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தம் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஓட்டலாம் என்றார் மருத்துவர். நிறையத் தின்றும் இளைத்தால் அது வேறு, தைராய்டைப் பார்க்க வேண்டும். கிராணிக்கு அது இல்லை.

மூட்டுக்குப் படம் எடுக்கவே இல்லை. அவன் நாற்காலியில் ஏறுவதைப் பார்த்தாலே போதும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி இருக்கையில் வைப்பான். அப்படியே நிற்பான். பின்பக்கத்தை இரண்டு தரம் அசைத்துப் பார்ப்பான். இறங்கிவிடலாமா என்ற யோசனை முதுகில் தெரியும். பிறகு இடப்பின்னங்காலை ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாக இழுத்து ஏறி உட்கார்ந்து, உடனே ஒரு பாதத்தை நக்கத் தொடங்கிவிடுவான், எதுவுமே நடக்காத பாவனையில். அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. நொண்டாது, கத்தாது, தாவுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும். நாமோ "இப்போதெல்லாம் சாதுவாகிவிட்டது" என்போம்.

சரி, ஆளுக்கு வருவோம். காப்பகத்துக்கு உதவ வந்த ஒரு தம்பி எழுதிய முதல் அறிவிப்பு, நான் மேலே சொன்ன கண்ணும் மடியும் வகை. அதைப் பார்த்து அழைத்தவர்களில் பாதிப் பேர் "குட்டி இருக்கிறதா?" என்றார்கள். மீதிப் பேர் "எலி பிடிக்குமா?" என்றார்கள்.

எலிக் கேள்வியை இளக்காரமாக எடுத்துக்கொள்ள முடியாது. செம்பனை இருக்கும் ஊரில் எலி இருக்கும். உதிர்ந்த பழம் அதற்கு வருடம் முழுக்க விருந்து. இரத்தத்தை உறையவிடாத விஷக்கட்டியைத் தோட்டங்களில் வைப்பார்கள். எண்பதுகளிலிருந்து மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் பெட்டிக் கூடு கட்டிக் கூகை வளர்த்தும் எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆந்தை முகத்தில் விழித்தால் ஆகாது என்று பேசிய சனங்களே, கூகைப் பெட்டி இருக்கும் பக்கத்தில் எலி குறைவு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பூனைக்கு அந்த உத்தியோகம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. விஷம் தின்று தள்ளாடுகிற எலிதான் கிழட்டுப் பூனைக்கும் அகப்படும். அதைத் தின்றால் விஷம் இதற்கும் ஏறும். ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஈறு வெளுக்கும், உள்ளே இரத்தம் கசியும். நேரத்தோடு போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். நேரத்தோடு போகிறவர்கள் குறைவு. இதெல்லாம் போதாதென்று செம்பனைக் காட்டு மலைப்பாம்பு வேறு. தோட்ட ஓரத்தில் காணாமல் போகிற பூனைகள் பலவும் "எங்கோ ஓடிவிட்டது" என்ற கணக்கில் போய்விடுகின்றன.

அதனால் மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு நான் கிராணியைக் கொடுக்கவில்லை. அவருக்கு என் மேல் இன்னும் வருத்தம்.

அறிவிப்பை மாற்ற வேண்டும் என்று அக்காவிடம் மல்லுக்கு நின்றேன். என் வாதம் இதுதான். குட்டியை எடுக்கிறவர் எதை எடுக்கிறார்? வளர்ந்த பிறகு அது எப்படி இருக்கும், மடியில் ஏறுமா, சோபாவைக் கிழிக்குமா, விருந்தாளியைக் கண்டால் ஓடுமா, யாருக்கும் தெரியாது. கிழட்டுப் பூனையிடம் அந்தச் சூதாட்டம் இல்லை. அது ஆகவேண்டியதெல்லாம் ஆகி முடிந்தது. என்ன செய்யும், என்ன செய்யாது என்று நம்மால் எழுதிக் கொடுக்க முடியும். கிழட்டுப் பூனையிடம் இருக்கும் ஒரே பெரிய அனுகூலம் அதுதான். அதை எழுதாமல் கண்ணீரை எழுதினால், யாருக்கு எது பொருந்தும் என்று யார் கண்டுபிடிப்பது? பரிதாபத்தில் எடுத்துப் போனவர் மூன்றாம் வாரம் திருப்பிக் கொண்டுவருவார். திரும்பி வந்த பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். மறுபடி அதை மனிதர் பக்கம் திருப்புவது பெரும் பாடு.

கடைசியில் நான் எழுதியது இப்படி இருந்தது:

"பெயர் கிராணி. ஆண், கருத்தடை செய்யப்பட்டது. வயது சுமார் 12. சிறுநீரகம் தளரத் தொடங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தப் பரிசோதனை, நல்ல ஈரத் தீனி, இரண்டுக்கும் செலவு உண்டு. இரண்டு பல் கிடையாது. உயரத்தில் தாவ மாட்டான். எலி பிடிக்க மாட்டான். மடியில் உட்கார மாட்டான். ஒரு முழம் தள்ளி உட்காருவான், ஆனால் நகர மாட்டான். வேறு பூனையோடு ஒத்துப்போகாது. நாயைச் சட்டை செய்ய மாட்டான். தண்ணீரைப் பாதத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான், தரை நனையும். விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்புவான். எழுந்து தீனி வைக்கும் வரை கதவைப் பிராண்டுவான். இந்தப் பழக்கத்தை மாற்றிப் பார்த்தோம், முடியவில்லை."

அக்கா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் குறட்டை விடும் என்றா சொல்வார்கள்?" சொல்ல வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். குறட்டை பிடிக்காதவர் போகட்டும்.

போனார்கள். ஈப்போவிலிருந்து ஓர் இளந்தம்பதி வந்தார்கள், தங்கமானவர்கள். மனைவி தாதி, இரவு வேலை பார்ப்பவர். ஒரு முழம் தள்ளி உட்காரும் பூனைதான் வேண்டும் என்றார்கள். நாலரை மணி என்று அழுத்திச் சொன்னதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்து அவர் வந்து படுப்பதே சில நாள் அந்த நேரத்துக்குத்தானாம். கிராணியை விட்டுவிட்டு, நாள் முழுக்கத் தூங்கும் ஆறு வயதுப் பூனையைக் கொண்டுபோனார்கள். அது இன்றைக்கும் அவர்களோடு தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். பக்தியான வீடு, முட்டைகூடச் சேர்ப்பதில்லை. "தயிர்ச்சோறும் பாலும் போதும்தானே? என் அம்மா வீட்டுப் பூனை அதைத் தின்றுதான் பதினைந்து வருடம் இருந்தது" என்றார். அம்மா வீட்டுப் பூனை தயிர்ச்சோறு தின்றது உண்மைதான், கொல்லையில் அது பிடித்துத் தின்ற எலியும் ஓணானும் அம்மாவின் கணக்கில் வரவில்லை. பூனைக்கு இறைச்சி ருசிக்காக அல்ல. டாரின் என்ற சத்து அதன் உடம்பில் போதிய அளவு சுரக்காது. மீன், இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பார்வை கெடும். இதயத் தசையும் தளரும் என்பதைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 1987-இல் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் கடைத் தீனிகளில் அதைக் கூட்டினார்கள். பால் வேறு வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. தீனி டப்பாவை அடுப்படிக்குள் விட மனமில்லை என்று டீச்சர் நேர்மையாகச் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை. முயல் வளர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து ஒரு மலாய் சிக்கு, அதாவது ஆசிரியர், பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) ஆள். பூனையைத் தூக்கிய விதத்திலேயே அனுபவம் தெரிந்தது. ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்னங்காலுக்கு. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கூட்டம். கிராணியால் ஆகாது.

பிறகு அந்த அழைப்பு வந்தது. முதலில் பேசியது மகள், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். அறிவிப்பை அவர்தான் பார்த்திருக்கிறார். ஆனால் இரண்டாம் வாக்கியத்துக்குள் தொலைபேசி அப்பாவின் எண்ணுக்கு மாறிவிட்டது.

"அம்மா, நாலரை மணிக்கு எழுப்பும் என்று போட்டிருக்கிறீர்களாமே, உண்மைதானா?"

"உண்மைதான் ஐயா. சில நாள் நாலேகாலுக்கே ஆரம்பித்துவிடுவான்."

"நல்லதாகப் போயிற்று. நான் நாலு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன்."

தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்தவர். இருட்டோடு எழுந்து பிரட்டுக் களத்தில் நின்று ஆள் கணக்கெடுத்த உடம்பு, ஓய்வு கொடுத்து இத்தனை வருடமாகியும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது. மனைவி இருந்தவரை அவரும் கூடவே எழுந்து காப்பி போடுவார். இப்போது தாமானில் வரிசை வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். "நாலு மணிக்கு எழுந்து என்னம்மா செய்வது? அக்கம்பக்கத்தில் ஒரு விளக்குக்கூட எரியாது. தொலைக்காட்சியைப் போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்கள் சபிப்பார்கள்." அந்த நேரத்தில் தன்னைப் போலவே விழித்துக்கொண்டு கதவைப் பிராண்டுகிற ஓர் உயிர் உண்டென்பது அவருக்குக் குறையாகவே படவில்லை. எத்தனையோ பேரை விரட்டிய அந்த ஒரு வரிதான் இவரை அழைத்து வந்தது. நான் ஏன் குறைகளை எழுதச் சொல்லிச் சண்டை போடுகிறேன் என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பெயரைக் கேட்டதும் தாத்தா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "எதற்கு மாற்ற வேண்டும்? சம்பள நாளில் கிராணி ஐயா வாசலில் எத்தனை நேரம் நின்றிருக்கிறேன் தெரியுமா? இப்போது கிராணி என் வாசலில் சோற்றுக்கு நிற்கட்டும்."

மகளுக்குக் கவலை வேறு. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பூனைக்கு யார்? சரியான கேள்வி, கேட்காதவர்கள்தான் எனக்குப் பயம் தருவார்கள். எந்த நாளிலும் எந்தக் காரணத்துக்காகவும் காப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு சாவி. அவசரத்துக்கு அவர் தீனி வைப்பார். மகள் அதோடு விடவில்லை. பூனை முந்திக்கொண்டால் அப்பா தாங்குவாரா, அம்மா போன துக்கமே இன்னும் ஆறவில்லை என்றார். அதற்குத் தாத்தாவே பதில் சொன்னார்: "குட்டியை எடுத்தால்தான் நான் பயப்பட வேண்டும். அதற்காக இன்னும் இருபது வருடம் இருக்க வேண்டும். இவனுக்கும் எனக்கும் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்." வயதானவர்களுக்குப் பூனை கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் காப்பகங்களும் உண்டு. அவர்களின் நியாயம் புரிகிறது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் உறுதியைக் காப்பகமே கொடுத்துவிட்டால் அந்த விதிக்கு என்ன அவசியம்?

வீட்டைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கச் சாக்கடையைத் தாண்டினால் செம்பனைதான். வெளியே விடவே கூடாது, விஷ எலி, பாம்பு, மோட்டார் என்று சொன்னேன். பின்கட்டு முழுவதையும் கோழிவலை வைத்துத் தாத்தாவே அடைத்தார். பலகையை அளந்து அறுத்து ஆணி அடித்த நேர்த்தியில் பழைய தோட்டத்து வேலை தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் திறந்த கிண்ணத்தில் மாத்திரைகள் கிடந்தன. அவற்றை மூடி போட்ட டின்னுக்குள் போகவைத்தேன். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், நாக்கு நீலம் பாரித்துவிடும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாதி மாத்திரையை நசுக்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பும் ஆகாது. கருவாடு ஆகாது என்றபோதுதான் தாத்தா முகம் சுருங்கியது. "பூனைக்குக் கருவாடு கொடுக்காத வீடும் ஒரு வீடா?" உப்பும் சிறுநீரகமும் என்று விளக்கினேன். கெம்போங் மீனை (கானாங்கெளுத்தி) உப்பில்லாமல் வேகவைத்து எப்போதாவது கொஞ்சம் கொடுக்கலாம் என்று சமரசத்துக்கு வந்தோம்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முன்பும் சீனப் புத்தாண்டுக்கு முன்பும் நாங்கள் எந்தப் பூனையையும் அனுப்புவதில்லை. புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் பூனை அந்த வீட்டையே வெடியாக நினைத்துக்கொள்ளும். வெடி ஓய்ந்த பிறகு கொண்டுபோனேன்.

முதலில் ஓர் அறை மட்டும். தாத்தாவின் மனைவியுடைய தையல் இயந்திரம் இருக்கும் சின்ன அறை. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் தீனி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சாப்பிடாது. மணலும் தீனியும் காப்பகத்தில் பழகியவையே. போர்வையைத் துவைக்காமல் கொண்டுபோனேன். மணக்கிறதே என்று தாத்தா முகத்தைச் சுளித்தார், அந்த மணம்தான் வேண்டும் என்றேன். மளிகைக்கடைப் பால்டின் பெட்டி ஒன்றில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தோம். ஒளிய இடம் கொடுத்தால் கூச்சம் வளரும் என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவைதான் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்து இயல்புக்கு வந்தன.

கிராணி பெட்டிக்குள் போனான். போனவன் பகலில் வெளியே வரவில்லை. இரண்டு நாள் முழுசாகச் சாப்பிடாவிட்டால் உடனே அழைக்கச் சொல்லியிருந்தேன். பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும். சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். நல்லவேளை, ராத்திரியில் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. தாத்தா என்ன செய்தார் என்றால், அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மலேசிய நண்பன் பத்திரிகையை உரக்க வாசித்தார். மரண அறிவிப்புப் பக்கத்தில் தொடங்குவார். தெரிந்தவர் யாராவது வந்திருந்தால் அவரைப் பற்றிய கதையும் உண்டு. பூனையைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், குரல் பழகட்டும் என்று நான் சொன்னதை அவர் அப்படி எடுத்துக்கொண்டார். பூனை பார்த்தால் கண்ணை மெதுவாக மூடித் திறக்கலாம், அது சிநேகம் என்று எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தேன். 2020-இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்த விஷயம்தான் இது. "இந்த வயதில் கண் சிமிட்டச் சொல்கிறாயே" என்று வெட்கப்பட்டார். பிறகு ஒரு நாள் அழைத்து, "அவனும் சிமிட்டினான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு விடியற்காலையில் பிராண்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அறையின் உட்பக்கத்திலிருந்து, சரியாக நாலரைக்கு. தாத்தா அதற்குள் காப்பியே போட்டு முடித்திருந்தார்.

இப்போது தினப்படி இப்படித்தான் போகிறது. நாலு மணிக்குத் தாத்தா எழுகிறார். நாலரைக்குக் கிராணி எழுந்து, எழுந்தே இருக்கும் மனிதரைப் போய் எழுப்புகிறான். தீனி தின்றுவிட்டு, வாசல் கம்பிக்கதவுக்கு உட்பக்கம் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்காருகிறான். தாமானில் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். ஒரு முழம் தள்ளி நாற்காலியில் தாத்தா. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்படி புதிதாக வந்திருக்கிறது, தாவ முடியாதவனுக்காக ஆணி அடித்தது.

ஆறு மாதப் பரிசோதனைக்கு ஈப்போ போனபோது தாத்தா ஒரு பள்ளிக்கூட நோட்டையும் எடுத்துவந்தார். செக்ரோல் மாதிரியே கோடு போட்டுத் தேதி, தீனி, தண்ணீர், எடை என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். வாரத்துக்கொரு முறை பையில் போட்டுத் தூக்குத் தராசில் நிறுத்திருக்கிறார். 3.8 கிலோவில் வந்தவன் 4.1-க்கு ஏறி, அங்கேயே நின்றிருந்தான். சிறுநீரக எண்களும் பழைய இடத்திலேயே நின்றன. மருத்துவர் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வாரக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் ஏதோ இருந்தது. என்ன இது என்று கேட்டார். "கருவாடு. கொஞ்சமாகத்தான். மறைக்கக் கூடாது என்று எழுதினேன்" என்றார் தாத்தா.

அக்கா இப்போது எல்லா அறிவிப்புகளையும் என்னிடமே எழுதச் சொல்லிவிட்டார். அடுத்தது தேங்காய்ப்பூ. பெண், கருத்தடை செய்யப்பட்டது, வயது பத்துக்கு மேல், வெள்ளை உடம்பு, செம்பட்டைக் காது, வலது கண் கிடையாது. பல் நன்றாக இருக்கிறது, இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. மடியில் ஏறினால் இறங்க மாட்டாள், கால் மரத்துப்போகும். துடைப்பத்தைக் கண்டால் சீறுவாள், பெருக்குவது யாராக இருந்தாலும். வலப்பக்கமிருந்து திடீரென்று தொட்டால் கடிப்பாள், அதனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். மூடாத ரொட்டியைத் திருடுவாள். ரொட்டி சானாய் என்றால் மூடியிருந்தாலும் திருடுவாள். தைப்பிங் வரைக்கும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.